விக்டோரியா போர்க்கப்பல் மோதல், 1893

1893 ஜூன் 22 அன்று, இன்றைய லெபனானின் திரிப்பொலி அருகே பிரித்தானியக் கடற்படையின் நடுநிலக்கடல் அணி இரு வரிசைகளாகச் சென்றது. வரிசைகள் ஒன்றையொன்று நோக்கித் திரும்புமாறு அட்மிரல் ஜார்ஜ் டிரையன் கொடிச்சைகையால் ஆணையிட்டார். சுமார் 1,100 மீட்டர் இடைவெளி அதற்குப் போதாது. இரண்டாம் நிலைத் தளபதி மார்க்கம் தயங்கினார். எதற்குக் காத்திருக்கிறீர் என்று, மற்றக் கப்பல்களும் காண, அடுத்த சைகை வந்தது. அவர் பணிந்தார். அவரது கேம்பர்டவுன் மோதியதில் விக்டோரியா மூழ்கியது. டிரையன் உட்பட 358 பேர் இறந்தனர்.

சைகைகளைக் குறைத்து, கப்பல் தலைவர்கள் தாமே முடிவெடுக்கப் பழக வேண்டும் என்று வாதிட்டவர் இதே டிரையன்தான்! ஆனால் தம் திட்டத்தை முன்கூட்டி விளக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. மால்ட்டாவில் கூடிய படை நீதிமன்றம் அவரையே பொறுப்பாக்கியது. மார்க்கம் தம் ஐயத்தைச் சைகையில் தெரிவிக்காததற்கு அது வருந்தியது. ஆயினும், நேரில் இருந்த தலைமைத் தளபதிக்குக் கீழ்ப்படிந்தவரைக் குற்றஞ்சாட்டுவது கடற்படைக்கே கேடு என்றது.