மா வந்த வருஷம்

இலங்கை மலையகத்து டிக்கோயாவில் அப்பாயியின் டிரங்குப் பெட்டி அடியில் மடித்துக் கிடந்த கடிதம் ஒன்று என்னை இந்தத் தேடலில் இறக்கியது. தாத்தாவின் பிரஜாவுரிமை மனுவை நிராகரித்த கடிதம். 1942இல் அவர் இலங்கையில் இருந்ததற்குச் சான்று இல்லையாம்.

சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி, மணமானவர்கள் 1946 ஜனவரி 1க்கு முந்திய 7 ஆண்டுகள் தொடர்ந்து இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். விரல் விட்டு எண்ணினேன்: 1939 முதல் 1945 வரை. உலகப் போர் நடந்த அதே ஆண்டுகள்! இடையில் இந்தியாவிலுள்ள ஊருக்குப் போய் 12 மாதத்துக்கு மேல் தங்கினால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். 1939 ஆகஸ்ட் முதல் தோட்ட வேலைக்கு ஆள் வருவதை இந்தியாவும் தடுத்திருந்தது. தாத்தா அப்படிப் போய் மாட்டிக்கொண்டவர் என்றே வீட்டில் நம்பியிருந்தோம்.

பெரிய அத்தை சொன்னது அந்த நம்பிக்கையை உடைத்தது. "அரிசி நின்னு மொத மொத மா குடுத்தப்ப, அப்பாதான் மடியில கட்டிக்கிட்டு வந்தாரு. என்ன செய்யிறதுன்னு தெரியாம அம்மா கஞ்சி காய்ச்சிருச்சு."

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மா அரிசி நின்று, பங்கீட்டில் கோதுமை மா வந்தது. அப்படியானால் அந்த வருஷம் தாத்தா லயத்தில்தான், தோட்டத்து வரிசை வீட்டில்தான், இருந்திருக்கிறார்.

தோட்டத்தில் பழைய செக்ரோல்களை, அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேடுகளை, தேயிலைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். கரையான் அரித்தது போக 1942 ஏப்ரல் மிஞ்சியிருந்தது. மனுவில் இருந்த பெயர் அதில் இல்லை. "லயத்துல தாத்தாவ எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று அத்தையைக் கேட்டேன். அத்தை சொன்ன பெயர் செக்ரோலில் இருந்தது. அதே கங்காணியின் கீழ் அப்பாயியின் பெயரும் இருந்தது. ஏப்ரல் 5இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் திங்கட்கிழமை, தாத்தாவுக்கு முழுப்பேர், அதாவது முழு நாள் வேலை, பதிவாகியிருந்தது.

அந்தச் சட்டத்தின் கீழ் சுமார் 8,25,000 பேருக்காக மனுக்கள் போயின; உரிமை கிடைத்தவர்கள் சுமார் 1,34,000 பேர். தாத்தா நாடற்றவராகவே கண்ணை மூடினார். அவரிடம் கேட்ட சான்று, அவர் தினமும் வேலை பிரிக்கும் பிரட்டுக்கு நின்ற தோட்டத்திலேயே இன்னொரு பெயரில் கிடந்திருக்கிறது.

மலையகத்தில் வேர் தேடுகிறவர்கள், ஆவணக் காப்பகத்துக்குப் போகுமுன் வீட்டில் மூத்தவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: லயத்தில் அவருக்கு என்ன பெயர்? அந்த வருஷம் அடுப்பில் என்ன வெந்தது?