இலங்கைக் கோப்பியை அழித்த பூஞ்சை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் மலைநாடு உலகின் முன்னணிக் கோப்பி விளைநிலங்களுள் ஒன்றாக இருந்தது. காடுகளை அழித்து, சரிவுக்குச் சரிவு ஒரே பயிரை நட்ட ஆங்கிலேயத் தோட்டத்துரைமார், 1869இல் மடுல்சீமைப் பகுதியில் இலைகளின் அடிப்புறத்தில் தோன்றிய செம்மஞ்சள் பொடியைத் தொடக்கத்தில் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் தலைவர் துவெயிட்ஸ் அனுப்பிய இலைகளை ஆராய்ந்த ஆங்கிலேயப் பூஞ்சையியலாளர் பெர்க்லி, அது அதுவரை அறியப்படாத ஒரு பூஞ்சை என்று கண்டு, அதே ஆண்டில் அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார்.

நோய் பரவிய பின்னரும், மண்ணின் வளக்குறைவோ பருவநிலையோ அதற்குக் காரணமாகலாம் என்று பலர் கருதினர். இந்நிலையில் 1880இல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட ஹாரி மார்ஷல் வார்டு என்னும் இளம் தாவரவியலாளர், பூஞ்சையின் வாழ்க்கைச் சுழற்சியை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து, அந்தப் பொடி முழுவதும் ஸ்போர்களே என்று விளக்கினார். ஸ்போர் என்பது பூஞ்சை தன் இனத்தைப் பெருக்குவதற்காக வெளியிடும் நுண்ணிய இனப்பெருக்க அலகு. விதையைப் போல உள்ளே கருவைக் கொண்டிராமலே, ஏற்ற இடத்தில் விழுந்தால் அது தானே முளைத்துப் புதிய பூஞ்சையாகிவிடும். கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்துக் காற்றில் வந்த ஸ்போர்களைப் பிடித்த வார்டு, இலைமேல் நீர்ப்படலம் இருந்தால் மட்டுமே அவை முளைக்கின்றன என்பதையும், முளைக்குழாய் இலைத்துளை வழியே உட்புகுந்து, இழைகளாகப் பரவி, திசுக்களின் உணவை உறிஞ்சுகிறது என்பதையும் நிறுவினார். இரண்டு மூன்று வாரங்களில் அந்த இழைகள் புதிய ஸ்போர்களைக் கொத்துக் கொத்தாக வெளித்தள்ள, மழையும் காற்றும் மிகுந்த மலைச்சரிவுகளில் இச்சுழற்சி திரும்பத் திரும்ப நிகழ்ந்தது. இலைகளை இழந்த செடி காய்க்கும் ஆற்றலையும் இழந்தது.

பூஞ்சை உட்புகுந்தபின் மருந்தால் பயன் குறைவு என்பதையும், இடையில் மரத்தடுப்பு எதுவுமின்றி விரிந்துகிடந்த தனிப்பயிர்த் தோட்டங்களே ஸ்போர்களின் பயணத்தை எளிதாக்கின என்பதையும் வார்டு சுட்டினார். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1870இல் 10 கோடி இறாத்தலைத் தாண்டியிருந்த கோப்பி ஏற்றுமதி, 1889இல் ஏறத்தாழ 50 இலட்சம் இறாத்தலாகச் சுருங்கியது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884இல் வீழ்ந்தது. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்னும் தோட்டத்துரை 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை, கோப்பி விட்டுச்சென்ற நிலத்தை மெல்ல மெல்ல நிரப்பியது.

இம்மாற்றம் தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளரின் வாழ்வையும் திருப்பியது. கோப்பிக் காலத்தில் கங்காணிகள் எனப்பட்ட ஆள்சேர்ப்பு மேற்பார்வையாளர்களின் கீழ் மன்னார் வழியாக நடந்துசென்று, அறுவடைப் பருவம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். தேயிலைக் கொழுந்தையோ ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டியிருந்ததால், அவர்கள் குடும்பங்களோடு லயன் எனப்படும் வரிசை வீடுகளின் அறைகளில் நிலைத்துத் தங்கினர். அவ்வாறு தலைமுறைகளாக வேரூன்றிய மலையகத் தமிழருள் பெரும்பாலோரைத் தன் குடிமக்களாக ஏற்க, 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மறுத்தது.