‘ஒன்லி’ என்னும் ஒரு சொல்

அஜக்ஸ் நகரக் கடைத்தெருக்களிலே, வாகனத் தரிப்பிடம் ‘வாடிக்கையாளருக்கு மட்டும்’ என அறிவிக்கும் பலகைகளில் எமது பிள்ளைகள் ‘ஒன்லி’ என்னும் ஆங்கில வினையடையை வாசிக்கின்றனர். அவர்களுக்கு அது சிறு சொல். எமக்கோ அது வரலாறு.

பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்றால் ஒன்று. ‘லிச்’ என்றால் போன்றது. இவ்விரண்டும் இணைந்தே ‘ஒன்லி’ பிறந்தது. ஒன்றைச் சுட்டி ஏனையவற்றை விலக்குவது அதன் தொழில். தமிழிலே ‘மட்டும்’ என்கிறோம். மட்டு என்பது அளவு, எல்லை.

1956 யூன் 5ஆம் நாள் பண்டாரநாயக்கா அரசு ‘சிங்களம் மட்டும்’ மசோதாவை நாடாளுமன்றில் முன்வைத்தது. அன்றே காலிமுகத்திடலில் தந்தை செல்வா தலைமையில் அறவழியில் அமர்ந்தோர் தாக்கப்பட்டனர். நிறைவேறிய 33ஆம் இலக்கச் சட்டத்திலோ, சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் வாசகத்தில் ‘ஒன்லி’ இல்லை. ஒன்று எனப் பொருள்படும் ‘வன்’ என்ற சொல்லே உண்டு. இரண்டும் ஒரே வேரின, விளைவும் ஒன்றே. சிங்களத் தேர்ச்சியற்ற தமிழ் அரச ஊழியர் பலர் பதவி உயர்வை இழந்தனர்; பலர் பதவியையே இழந்தனர்.

31 ஆண்டுகள் கழிந்து, 1987இல், அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் இன்னொரு வினையடையைச் சேர்த்தது: ‘ஓல்சோ’. தமிழும் அரசகரும மொழி என்றாயிற்று. ‘மட்டும்’ போய் ‘உம்’ வருவதற்குள் 1983 யூலை கடந்திருந்தது. பல்லாயிரவர் ஊர் துறந்திருந்தனர்.

பிள்ளைகள் ‘ஒன்லி’க்குப் பொருள் கேட்டால், அகராதியுடன் நிறுத்தாது இதனையும் சொல்லி வையுங்கள்.