தப்புக் குழுவில் நின்றோரும் நீங்கியோரும்: லிந்துலைப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

இசைக்குழு ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோன் முதலில் எதிர்கொள்ளும் வினா, அக்குழு என்பது யாது என்பதேயாகும். பெயரா, ஆட்களா, அன்றி அவர்கள் எழுப்பும் ஓசையா? இலங்கையின் மெல்லிசை வரலாறே இவ்வினாவுக்கு நல்ல எடுத்துக்காட்டுகளைத் தருகின்றது. அப்புத்தளையிற் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தன, அன்ஸ்லி மாலேவனவுடன் இணைந்து 1960களின் நடுப்பகுதியில் ‘மூன்ஸ்டோன்ஸ்’ என்னும் கிற்றார்க் குழுவைத் தொடங்கினார். இந்திராணி பெரேராவின் குரல் அதிற் சேர்ந்தது. 1970ஆம் ஆண்டளவில் கிளாரன்ஸ் அதனை நீங்கி ‘கோல்டன் சைம்ஸ்’ குழுவை அமைத்தார்; பின்னர் அன்ஸ்லியுடன் மீண்டும் கூடியபோது அது ‘சூப்பர் கோல்டன் சைம்ஸ்’ ஆயிற்று. ‘ஜிப்சீஸ்’ குழுவோ, அதன் முகமாகவே விளங்கிய சுனில் பெரேரா 2021 செப்டெம்பரில் மறைந்த பின்னரும் அதே பெயருடன் மேடையேறியது. முதலாவதில் ஆள் பிரியப் பெயரும் பிரிந்தது. இரண்டாவதில் ஆள் போகப் பெயர் நின்றது.

இவற்றை நாம் இன்று எழுத முடிவதற்குக் காரணம் எளியது. இசைத்தட்டின் உறையிலே பெயர்கள் உள. வானொலியும் பத்திரிகைகளும் அவற்றைப் பதிந்து வைத்தன. உறையுமின்றிப் பெயருமின்றித் தலைமுறை தலைமுறையாக ஆள்மாறி வந்த ஒரு குழுவின் வரலாற்றை எங்கே தேடுவது? தலவாக்கலைக்கும் அக்கரப்பத்தனைக்கும் இடைப்பட்ட லிந்துலையின் தோட்டமொன்றிலே, தப்படிப்போர் குடும்பத்திற் பிறந்தவன் என்ற முறையில் இவ்வினா எனக்கு ஏட்டு வினா அன்று.

தப்பு எனப்படுவது வட்டமான மரச்சட்டத்தில் தோலை இழுத்து ஒட்டிய ஒருமுகக் கருவி. இடக்கையில் மெல்லிய நீண்ட குச்சி, வலக்கையில் தடித்த குட்டைக் குச்சி. மலைக் குளிரிலும் மழையிலும் தோல் விரைவில் தொய்ந்துவிடும். ஆகையால் வைக்கோலோ காகிதமோ கொளுத்திக் காய்ச்சிக்கொண்டேயிருத்தல் வேண்டும். எனவே நான்கைந்து பேர் கொண்ட குழுவில் எப்போதும் ஒருவர் தீயருகே இருப்பார். சிறுவர்கள் குழுவிற் சேரும் வழியும் அந்தத் தீயே. முதலில் காய்ச்சுதல், பின்னர் பெரியவர் ஓய்வெடுக்கும்போது குச்சியைப் பிடித்துப் பார்த்தல், அதன் பின்னரே வரிசையில் நிற்றல். இதைவிட வேறு பயிற்சிக்கூடம் அவர்களுக்கு இருந்ததில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்கும், பின்னர் தேயிலைக்குமாக மதுரை, திருச்சி, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து மக்கள் கங்காணிமார் வழி வந்தனர். தனித்தனி ஆட்களாக வந்தவர்கள் சிலரே. உறவும் ஊரும் சாதியுமாகத் திரண்டு வந்தவர்களே பலர். ஆகவே தப்புக் குழுவும் மலையேறி வந்தபின் அமைக்கப்பட்டதன்று. அண்ணன், தம்பி, மைத்துனன் என அமைந்த வடிவத்திலேயே வந்து சேர்ந்தது எனலாம். தப்படித்தல் ஒரு சாதியின் கடமையாக அங்கே விதிக்கப்பட்டிருந்தவாறே இங்கும் தொடர்ந்தது. தோட்டத்து நிருவாகம் அதனைத் தனக்கேற்பப் பயன்படுத்திக்கொண்டது. விடியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக் களத்துக்கு அழைத்த ஒலி தப்பொலியே. சாவுக்கும் சாமிக்கும் உரிய கருவி வேலைக்கும் உரியதாயிற்று.

மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்து, 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையைச் சக்தீ அ. பாலஐயா ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கினார். அதிலே முழவொலி உண்டு. அடித்தவர் பெயர் இல்லை. இதனைக் கவிஞர்மீது குறையாகக் கூறவில்லை. தோட்டத்து வழக்கில் ‘பேர்’ என்னும் சொல் செக்ரோலில் விழும் ஒருநாட் கூலியையே குறித்தது. அந்தப் பொருளிலேதான் எம்மவர்க்குப் பேர் கிடைத்தது.

குழுவின் முழு உருவம் வெளிப்படும் காலம் மாசி மாதமாகும். அமாவாசைக்குப்பின் மூன்றாம் பிறையில் காமன் கம்பம் நாட்டப்பட்டுப் பௌர்ணமியையொட்டிக் காமதகனம் நிகழும்வரை இரவுதோறும் தப்பு ஒலிக்கும். இரதியும் மதனும் விரதமிருந்து ஆடுவர். வீரபத்திரனும் எமனும் தத்தமக்குரிய அடியோடு வந்து செல்வர். ஒவ்வொரு பாத்திரத்தின் வரவுக்கும் அடி வேறு. எமனுக்குரிய அடியை அறிந்தவர் இல்லையெனின் எமன் வரமுடியாது. கூத்தாடுவோர் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். இரதி வேடத்துக்கு இளைஞன் ஒருவனைப் புதிதாகப் பழக்கிவிடலாம். தப்படிப்போரை அவ்வாறு மாற்ற இயலாது. இவ்விடத்திலேதான் ஒருவரின் நீக்கம் குழுவுக்கு எத்தகைய இழப்பு என்பது புலனாகின்றது.

அந்த நீக்கம் தோட்டத்துக்குள் தீர்மானிக்கப்படவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரை நிறுத்துப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, எஞ்சிய 150,000 பின்னர் பார்க்கப்படும். 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவ்வெச்சத்தையும் சரிபாதியாக்கியது. முதற் பங்கீட்டின் விகிதம் ஏழுக்கு நான்கு. தாளக்கணக்குப் போலத் தோன்றும் இவ்வெண்களே எங்கள் குழுக்களைக் கலைத்தன என்பது இக்கட்டுரையாசிரியனின் துணிபு.

மணமாகித் தனிக்குடித்தனம் சென்றவர்கள் தனித்தனியே விண்ணப்பித்தனர். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பறாக்களில் வாழ்ந்த சகோதரருள் ஒருவர் இந்தியாவுக்கும் மற்றவர் இலங்கைக்கும் எழுதிக்கொடுத்த குடும்பங்கள் பலவாகும். 1973–74ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சமும், 1977ஆம் ஆண்டின் வன்செயலும் தயங்கி நின்றோரையும் தள்ளின. மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலிருந்து தலைமன்னாரை நோக்கிச் சென்ற வண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். அங்கிருந்து கப்பல், பின்னர் இராமேசுவரம், மண்டபம் முகாம். தமிழ்நாட்டு அரசு 1968 முதல் நீலகிரியில் இவர்களுக்காகத் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. 1984இல் கப்பற் சேவை நின்றபோது மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போய்விட்டிருந்தனர்.

என் பாட்டனாரும் அவருடைய தமையனாரும் ஒரே குழுவில் நின்றவர்கள். தமையனார் முன்னடிக்காரர், பாட்டனார் அவருடைய அடியை வாங்கி விரிப்பவர். தமையனார் குடும்பத்தோடு கூடலூர்ப் பக்கம் போனது 1970களின் பிற்பகுதியில். தலவாக்கலை நிலையத்தில் அன்று தப்படிக்க வேண்டுமெனச் சிலர் கேட்டனராம். ‘சாவுக்கு அடிக்கிற மாதிரி ஆகிப்போகும்’ என்று பாட்டனார் மறுத்துவிட்டார். அவ்வாண்டு மாசியில் எங்கள் தோட்டத்தில் காமன் கம்பம் நாட்டப்படவில்லை. அடுத்த ஆண்டு நாட்டினார்கள். ஆனால் முன்னடி எடுக்கப் பாட்டனாருக்கு மனம் வரவில்லை. அயல் தோட்டத்திலிருந்து ஒருவரை அழைத்தனர். அவர் அடி வேறாயிருந்தது. எமன் வரவு இரண்டு ஆண்டுகள் தடுமாறியது என்பர்.

வெளியார் ஒருவர் வரிசையில் நின்றமை அதன்பின் வழக்கமாயிற்று. இரத்தவுறவால் அமைந்திருந்த குழு, கிடைக்கும் ஆட்களால் அமைவதாக மாறியது இக்காலத்திலேயே. ஒரு குழு இவ்வாறு தன்னை நிரப்பிக்கொள்ள முயன்றதைச் சிதைவு என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. அயலார் வந்ததால் இரு தோட்டத்து அடிகள் கலந்தன. எங்கள் பகுதியில் இன்று அடிக்கப்படும் வீரபத்திரன் வரவு அக்கலப்பினால் வந்தது என்று மூத்தவர்கள் கருதுகின்றனர்.

இரண்டாவது நீக்கம் வேறு வகையானது. அதனை ஒப்பந்தத்தின் தலையிற் சுமத்த முடியாது. என் தந்தையார் குச்சியைத் தொடவில்லை. பாடசாலையில் அவரைத் தொழிலின் பெயராலும் சாதியின் பெயராலும் ஒருசேர அழைத்தார்களாம். கோயில் திருவிழாவில் முன்னே நடந்து அடித்தவர்கள் வாசலோடு நின்றுவிட வேண்டியிருந்ததையும் அவர் கண்டிருந்தார். மறுத்தது அவர் உரிமை. அம்மறுப்பை நான் குறைகூறத் துணியேன். கலை அழிகின்றதே என்று அரங்கிலிருந்து வருந்துவோர், அக்கலையைச் சிலரின் தோளில் மட்டும் ஏற்றியிருந்த ஏற்பாட்டையும் நோக்குதல் வேண்டும். 1992க்குப் பின் தோட்டங்கள் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றதும், இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் வேலைக்குப் போனதும் எஞ்சியவற்றைச் செய்து முடித்தன.

இதே காலத்திற் கடலுக்கப்பால் பறையிசை மேடைக்கு வந்தது. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறை இசைத்து ஆடுகின்றனர். எங்கள் தோட்டத்திலோ கொழுந்து கொய்யும் கை குச்சியைப் பிடித்ததில்லை. நான் தப்பு அடிக்கக் கற்றது லயத்திலன்று, பல்கலைக்கழகத்திலே, கலை விழாவொன்றின் ஒத்திகையில். கற்றுத் தந்தவர் எங்கள் சாதியினர் அல்லர். தந்தையார் இதைக் கேட்டபோது நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், ‘மேடையில அடிச்சா கைதட்டுவாங்க, இங்க வந்து அடி பாப்போம்’ என்றார்.

கடந்த மாசியில் அவ்வாறே வந்து நின்றேன். வரிசையில் ஐவர் இருந்தோம். இருவர் அயல் தோட்டத்தார். ஒருவர் கொழும்பிலிருந்து மூன்று நாள் லீவில் வந்தவர். ஒருவர் எங்கள் லயத்துப் பெரியவர், கண்பார்வை மங்கியவர், முன்னடி அவருடையது. என் கையிலிருந்தது பாட்டனாரின் தமையனார் கோச்சியேறும்போது விட்டுச் சென்ற தப்பு. அதன் தோல் எத்தனையோ முறை மாற்றப்பட்டுவிட்டது; மரச்சட்டம் மட்டும் பழையது. எமன் வரவில் நான் இரண்டு இடங்களிற் பிசகினேன். பெரியவர் அடியை நிறுத்தாமலே தலையைத் திருப்பி, தோல் தொய்ந்திருக்கின்றது, காய்ச்சிக்கொண்டு வா என்றார். தீயருகே என் தந்தையார் காகிதங்களைக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.