பவர் இல்லாத லென்ஸ்

கலர் லென்ஸ் பற்றிப் பேச்செடுத்தால் நம் வீடுகளில் இரண்டு பதில்கள்தான் கிடைக்கும். பெரியவர்கள், “கண்ணு போயிடும், வேணாம்” என்பார்கள். போட்டுப் பழகியவர்கள், “பவர் இல்லாததுதானே, ஒன்னும் ஆகாது” என்பார்கள். முதல் பதிலில் பயம் இருக்கிறது, காரணம் இல்லை. இரண்டாவதில் காரணம் இருக்கிறது, ஆனால் அது தவறான காரணம். பார்வையைத் திருத்தும் பவர் இல்லாவிட்டால் லென்ஸும் வளையல், பொட்டு மாதிரி ஓர் அலங்காரப் பொருள்தான் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? அதைத் தேடிப் படிக்கப் போன நான் 1887ஆம் ஆண்டு ஜெர்மனியில் போய் நின்றேன்.

கண்ணை மாற்றிக் காட்டும் ஆசை லென்ஸைவிட மூத்தது. கதகளி நடிகர்கள் சுண்டப்பூவிலிருந்து எடுக்கும் விதையைக் கீழிமைக்குள் வைத்துக் கண்ணின் வெள்ளையைச் சிவக்க வைப்பார்கள். இத்தாலியப் பெண்கள் ஒரு காலத்தில் பெல்லடோனா என்ற நச்சுச் செடியின் சாற்றைக் கண்ணில் விட்டுக்கொண்டார்கள். கண்மணி விரிந்து, கண் பெரிதாகவும் ஆழமாகவும் தெரியும். பக்கத்தில் இருக்கும் பொருள் மட்டும் மங்கிப்போகும். அந்தச் செடியின் பெயருக்கே ‘அழகிய பெண்’ என்றுதான் பொருள்.

லென்ஸ் பிறந்த கதை வேறு. வீஸ்பாடன் நகரத்தில் முல்லர் குடும்பத்தினர் கண்ணாடியில் செயற்கைக் கண்கள் ஊதிச் செய்துவந்தார்கள். 1887இல் அவர்களிடம் ஒரு நோயாளி அனுப்பப்பட்டார். புற்றுநோயால் அவருக்கு இமை போயிருந்தது. இமை இல்லாத கண் காய்ந்து குருடாகிவிடும். முல்லர்கள் மெல்லிய கண்ணாடி ஓடு ஒன்றை ஊதி அந்தக் கண்ணின் மேல் பொருத்தினார்கள். சுமார் இருபது ஆண்டுகள் அவர் அதை அணிந்து பார்வையோடு வாழ்ந்ததாகப் பதிவு சொல்கிறது.

அந்த ஓட்டில் பவர் எதுவும் இல்லை. லென்ஸின் வரலாறே பவர் இல்லாத ஒன்றில்தான் தொடங்குகிறது. ஆனால் அதை அலங்காரம் என்று யாரும் நினைக்கவில்லை. உயிருள்ள கண்ணின் மேல் வைக்கும் பொருள் என்று தெரிந்தேதான் வைத்தார்கள்.

அடுத்த ஆண்டு சூரிக்கில் அடோல்ஃப் ஃபிக் என்ற மருத்துவர் பார்வையைத் திருத்தும் கண்ணாடி ஓட்டைப் பற்றி எழுதினார். முயல்களுக்குப் போட்டுப் பார்த்து, பிறகு தன் கண்ணிலேயே போட்டுக்கொண்டு, அதன்பின்தான் நோயாளிகளிடம் போனார். 1889இல் கீல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த அகஸ்ட் முல்லர் கடுமையான கிட்டப்பார்வை உடையவர். தான் செய்த லென்ஸைக் கொக்கெய்ன் சொட்டு விட்டுக் கண்ணை மரக்க வைத்துத்தான் போட முடிந்தது. அப்படியும் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை.

ஏன் தாங்கவில்லை? கருவிழியை மூடியிருக்கும் கார்னியா என்ற படலம் ஒளி புக வேண்டும் என்பதால் அதில் ரத்தக்குழாய்கள் கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியை அது கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. சுருக்கமாகச் சொன்னால், கண் நேரடியாக மூச்சு விடுகிறது. லென்ஸ் என்பது அந்த மூச்சின் மேல் போடுகிற மூடி. மூடிக்குப் பவர் இருக்கிறதா, நிறம் இருக்கிறதா என்பதெல்லாம் கார்னியாவுக்குத் தெரியாது.

லென்ஸை முதலில் வேஷத்துக்கு எடுத்துக்கொண்டது சினிமா. 1958இல் வந்த ‘டிராகுலா’வில் கிறிஸ்டோபர் லீ சிவப்பு லென்ஸ் போட்டு நடித்தார். அந்தக் கண்களைப் பார்த்து உலகமே மிரண்டது. அவருக்கோ எதிரில் இருப்பதே சரியாகத் தெரியவில்லை. 1966இல் ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்’ பகுதி ஒன்றில் கேரி லாக்வுட்டின் கண்கள் வெள்ளியாய் மின்னும். இரண்டு லென்ஸுகளுக்கு நடுவே உலோகத் தாளை வைத்துச் செய்தது அது. பார்க்க வேண்டுமென்றால் தலையை நிமிர்த்தி மூக்குக்குக் கீழாகத்தான் பார்க்க முடியும். கடவுளாகிவிட்ட மனிதனின் திமிர் என்று நாம் ரசிக்கும் அந்தப் பார்வை, வழி தெரியாமல் தவித்த ஒரு நடிகருடையது. ஆனாலும் படப்பிடிப்புக்கு அதைச் செய்தவர் லென்ஸ் தொழில் தெரிந்தவர். போடுவதற்கும் கழற்றுவதற்கும் ஆள் இருந்தார்கள். சில நிமிடம்தான் கண்ணில் இருக்கும்.

இதற்கிடையில் லென்ஸ் பொதுமக்களிடம் வந்துசேர்ந்த கதையில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நியூட்டன் உயேசுகி, 1917இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். கண் பரிசோதனைப் படிப்பை முடித்தவருக்கே கார்னியா கூம்பாகப் புடைக்கும் நோய் வந்து பார்வை போய்க்கொண்டிருந்தது. 1942இல் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது அவரும் போர்ட்லாந்தில் கால்நடைக் கண்காட்சிக் கூடம் ஒன்றில் அடைக்கப்பட்டார். பிறகு சிகாகோ போய், வெஸ்லி என்று பெயரை மாற்றிக்கொண்டு, தன் மாணவரான ஜார்ஜ் ஜெஸனோடு சேர்ந்து பிளாஸ்டிக் லென்ஸ் செய்யத் தொடங்கினார். தன் பார்வையைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்தது அது. அதுதான் வெஸ்லி ஜெஸன் நிறுவனம் ஆனது.

பிளாஸ்டிக் லென்ஸும் கெட்டியானதுதான். மென்மையான லென்ஸைக் கொடுத்தவர் செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் பிள்ளைகள் விளையாடும் கட்டுமானப் பெட்டியின் உதிரிகளையும் சைக்கிள் டைனமோவையும் இணைத்து, தண்ணீர் உறிஞ்சும் பிளாஸ்டிக்கைச் சுழற்றி வீட்டிலேயே லென்ஸ் வார்த்தார். 1971இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. மென்லென்ஸுக்கு அனுமதி கொடுத்தது. அதன்பிறகு லென்ஸ் வலிக்கவில்லை. இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வலி ஓர் எச்சரிக்கை. அகஸ்ட் முல்லர் அரை மணியில் கழற்றியது வலித்ததால்தான். வலி போனதும் நாள் முழுக்கப் போட்டுக்கொள்ள முடிந்தது, போட்டபடியே தூங்கவும் முடிந்தது.

ஆரம்பகால நிற லென்ஸுகள் ஒளிபுகும் சாயம் கொண்டவை. நீலக் கண்ணை இன்னும் நீலமாக்கும். நம் மாதிரி கறுப்பு, பழுப்புக் கண்ணில் போட்டால் ஒன்றும் தெரியாது. 1980களின் நடுவில் அது மாறியது. ஒளிபுகாத நிறத்தைப் பொட்டுப் பொட்டாக அச்சிட்டு, நடுவில் கண்மணிக்கு இடம் விட்டார்கள். பொட்டுகளின் இடைவெளியில் சொந்தக் கருவிழி தெரிவதால் பொம்மைக் கண் மாதிரி இருக்காது. கறுப்புக் கண்ணை நீலமாகக் காட்டும் லென்ஸ் முதன்முறையாகக் கடைக்கு வந்தது. அதை விற்றது வெஸ்லி ஜெஸன். அதற்குள் நிறுவனம் வேறொரு மருந்துக் கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. முகத்தைக் காரணம் காட்டி அடைக்கப்பட்டு, பெயரையும் மாற்றிக்கொண்ட ஒரு மனிதரின் பெயர், பழுப்புக் கண்ணுக்கு நீலம் விற்கும் டப்பாவில் இருந்தது.

டோனி மாரிசனின் ‘தி புளூயஸ்ட் ஐ’ நாவல் 1970இல் வந்தது. நீலக் கண் கிடைத்தால் எல்லாரும் தன்னை நேசிப்பார்கள் என்று நம்பும் கறுப்பினச் சிறுமி பெக்கோலாவின் கதை. அவள் பிரார்த்தித்ததைப் பதினைந்து பதினாறு ஆண்டுகளில் சந்தை தயாரித்துவிட்டது. ஆனால் கலர் லென்ஸ் போடும் ஒவ்வொரு பெண்ணையும் பெக்கோலா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காஸ்ப்ளே போகிற பையன் மஞ்சள் லென்ஸ் போடுவதும், தோழி ஒருத்தி தீபாவளிக்குத் தேன் நிறம் போடுவதும் விளையாட்டாகவும் இருக்கலாம். ஆசையைக் குற்றம் சொல்வது சுலபம். அந்த ஆசையை எந்தக் கடைக்கு அனுப்புகிறோம் என்பதுதான் என் கேள்வி.

ஏனென்றால் சட்டமே ஒரு சமயம் வழுக்கியது. பார்வையைத் திருத்தும் லென்ஸ் மருத்துவச் சாதனம். பவர் இல்லாத லென்ஸ்? 2003இல் எஃப்.டி.ஏ. அதை அழகுசாதனப் பொருள் என்ற வகைக்குள் வைத்துத்தான் பேசியது. அந்த ஓட்டை வழியாக லென்ஸ் முடிதிருத்தும் கடைக்கும் வீடியோ கடைக்கும் போய், பதின்வயதினர் புண்ணான கண்ணோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். 2005 நவம்பரில்தான் பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா காண்டாக்ட் லென்ஸும் மருத்துவச் சாதனமே என்று அமெரிக்கச் சட்டம் சொன்னது. ஜப்பான் அதே முடிவுக்கு வர 2009 நவம்பர் ஆனது. கருவிழியைத் தாண்டி வெள்ளைவிழி வரை நிறம் பரப்பிக் கண்ணைப் பெரிதாகக் காட்டும் ‘சர்க்கிள் லென்ஸ்’ கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் அதற்குள் உலகம் சுற்றத் தொடங்கியிருந்தது.

நம் பக்கம் சட்டத்துக்குக் குறைவில்லை. மலேசியாவில் 1991ஆம் ஆண்டின் ஒப்டிகல் சட்டம் இருக்கிறது. சிங்கப்பூரில் 1995இலேயே லென்ஸ் பொருத்துபவர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. இப்போது 2007ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. இருந்தும் பசார் மாலாமில் காதணிக்கும் கைத்தொலைபேசி உறைக்கும் நடுவே லென்ஸ் டப்பா அடுக்கியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

உறவுக்காரப் பெண்ணின் கல்யாணத்தில் ஒப்பனைக்கு வந்த அக்கா, “கிரே போடலாமா மா, ஹனி போடலாமா?” என்று கேட்டார்.

“இது யாரோட லென்ஸ்க்கா?” என்றேன்.

“என்னோட செட்டுதான். ரெண்டு கல்யாணப் பொண்ணுக்குத்தான் போட்டிருக்கேன். நல்லா கழுவித்தான் வச்சிருக்கேன்.”

கல்யாணப் பெண், “எனக்கும் ஆசைதான்க்கா, ஆனா இன்னொருத்தவங்க கண்ணுல இருந்தது வேணாம்” என்று சொல்லிவிட்டாள். அந்த அக்கா கவனக்குறைவானவர் இல்லை. உதட்டுச் சாயத்தைக்கூடக் குச்சியில் சுரண்டித் தட்டில் வைத்துத்தான் எடுத்தார், ஆளுக்கொரு தூரிகை. லென்ஸ் மட்டும் விதிவிலக்கானது, அது அவருக்கு ஒப்பனைப் பெட்டியோடு வந்த பொருள் என்பதால். மருந்துப் பெட்டியில் வந்திருந்தால் இரண்டு பேருக்குப் போட்டிருக்க மாட்டார்.

லென்ஸ் எந்தப் பெட்டியில் வருகிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதை 2006இல் சிங்கப்பூர் காட்டியது. ஃபுசேரியம் என்ற பூஞ்சை கார்னியாவைத் தாக்கும் நோய் திடீரென்று கூடியது. 2005 மார்ச்சிலிருந்து 2006 மே வரை 66 நோயாளிகள், 68 கண்கள் என்று ஆய்வுக் கட்டுரை பதிவு செய்கிறது. மருத்துவர்கள் என்ன லென்ஸ், என்ன சொல்யூஷன் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். விரல் ஒரே சொல்யூஷனை நோக்கி நீண்டது: பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனத்தின் ‘ரீநியூ வித் மாய்ஸ்ச்சர்லாக்’. பிப்ரவரியில் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் விற்பனை நின்றது. மே மாதம் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. முறையாக வாங்கிய பொருளிலும் ஆபத்து வரலாம் என்பது இதில் ஒரு பாடம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது இன்னொன்று: அந்தப் பொருளுக்குப் பெயர் இருந்தது, தயாரித்தவர் இருந்தார், திரும்பப் பெற ஓர் இடம் இருந்தது. பசார் மாலாம் லென்ஸால் அறுபது பேருக்குக் கண் புண்ணானால் யார் அதைத் திரும்பப் பெறுவார்கள்? அடுத்த வாரம் அந்த மேசை வேறு தாமானில் இருக்கும்.

ஆகவே போட ஆசைப்படுகிறவர்கள் தாராளமாகப் போடலாம், கண்ணாடிக் கடை வழியாக. பதிவுபெற்ற ஒப்டோமெட்ரிஸ்ட் கார்னியாவின் வளைவை அளந்து பார்ப்பார். ஆளுக்கு ஆள் அது மாறும். பொருந்தாத லென்ஸ் இறுக்கிப் பிடிக்கும் அல்லது உராயும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் லென்ஸைத் தொட வேண்டும். குழாய்த் தண்ணீர் லென்ஸில் படவே கூடாது. அக்கந்தமீபா என்ற நுண்ணுயிர் அதில் வாழும், கண்ணுக்குள் போனால் ஒழிப்பது கஷ்டம். போட்டபடி குளிப்பதும் தூங்குவதும் வேண்டாம். பழைய சொல்யூஷன் மேல் புதியதை ஊற்றாமல் கொட்டிவிட்டு நிரப்ப வேண்டும். லென்ஸை முதலில் போட்டு, பிறகு ஒப்பனை. கழற்றும்போதும் லென்ஸ்தான் முதலில். எப்போதாவது ஒருநாள் போடுகிறவர்களுக்கு ஒருநாளில் தூக்கிப் போடும் லென்ஸ் நல்லது. யாருக்கும் இரவல் கொடுக்கக் கூடாது. கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ உடனே கழற்றிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும், கழற்றிய லென்ஸையும் எடுத்துக்கொண்டு.

இனி யாராவது “பவர் இல்லாததுதானே” என்றால் வீஸ்பாடன் நோயாளியைப் பற்றிச் சொல்லலாம். அவர் கண்ணில் இருந்த ஓட்டிலும் பவர் இல்லை. ஆனால் அந்த ஒரு கண்ணுக்கென்றே அதை ஊதியவர் யார் என்று அவருக்குத் தெரியும்.