மோர்னிங்சைட்: சுற்றுச்சூழல் அறிவியலில் முனைவர் பட்ட மேலாய்வு

கனடாவின் ரொறன்ரோ மாநகரில், ஸ்காபரோவின் மோர்னிங்சைட் பகுதியையொட்டி ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம் அமைந்துள்ளது. காலநிலை மாற்றம், சுற்றுச்சூழல் வேதியியல், நன்னீர்ச் சூழலியல் ஆகிய துறைகளில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் மேலாய்வு செய்யும் இடங்களுள் இதுவும் ஒன்று. பேச்சுவழக்கில் 'போஸ்ட்டாக்' எனப்படும் இந்த மேலாய்வு இன்னொரு பட்டத்துக்கான படிப்பு அன்று. ஒரு பேராசிரியரின் ஆய்வுக்குழுவில் குறிப்பிட்ட காலத்துக்குச் செய்யும் பணி.

இடமும் பின்னணியும்

1964இல் தொடங்கப்பட்ட ஸ்காபரோ கல்லூரியே இன்றைய வளாகமாக வளர்ந்தது. ஜோன் ஆண்ட்ரூஸ் வடிவமைத்த முதற்கட்டடம் ஹைலண்ட் கிறீக் பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்கிறது. 1954இல் ஹேசல் சூறாவளி ஒன்ராறியோவில் 81 உயிர்களைப் பறித்தது. அதன்பின் வெள்ள அபாயம் கருதி, இதுபோன்ற ரொறன்ரோவின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வீடு கட்டுவது கட்டுப்படுத்தப்பட்டது. மழைநீர் மண்ணுக்குள் இறங்க வழியின்றிப் பெருமளவு கட்டடங்களும் சாலைகளும் மூடிய வடிநிலத்திலிருந்து ஓடிவரும் ஹைலண்ட் கிறீக் சிற்றாறு, நகரமயமாதல் நீரோட்டத்தை எப்படி மாற்றுகிறது என்பதை வளாகத்தின் வாசலிலேயே காட்டுகிறது.

ஆய்வுத் துறைகள்

பௌதிக, சுற்றுச்சூழல் அறிவியல் துறையே இந்த மேலாய்வுப் பணிகளின் மையம். ஸ்காபரோவைத் தளமாகக் கொண்ட முதல் முனைவர் பட்டத் திட்டமும் சுற்றுச்சூழல் அறிவியலுக்கு உரியதே. இத்துறைப் பேராசிரியர் பிராங்க் வானியா, நெடுந்தொலைவு பயணித்து ஆர்க்டிக் வரை சென்றடையும் மாசுகளை ஆராய்கிறார். மின்சாரமோ பம்போ இன்றிக் காற்றிலுள்ள பாதரசத்தை அளக்கும் கருவி அவரது குழுவின் பணியில் உருவானது. வில்லியம் கஃப், ஹட்சன் விரிகுடாவின் பனி உருகலையும் நகரக் காலநிலையையும் ஆராய்ந்தவர். மிர்னா சிம்சன் மண்ணின் கரிமப் பொருளையும், கார்ல் மிட்செல் ஈரநிலங்களில் பாதரசத்தின் போக்கையும் ஆராய்கின்றனர்.

2015இல் திறக்கப்பட்ட சுற்றுச்சூழல் அறிவியல், வேதியியல் கட்டடத்துக்கு வெளிக்காற்று நிலத்தடிக் குழாய்கள் வழியாக வருகிறது. கோடையில் மண் அதைக் குளிர்விக்கிறது. குளிர்காலத்தில் சற்றே சூடாக்குகிறது.

நிதியும் நியமனமும்

இடம் கிடைக்கும் வழிகள் இரண்டு. பேராசிரியர் தம் ஆய்வு நிதியிலிருந்து சம்பளம் தரலாம். ஆய்வாளர் தாமே உதவித்தொகை வென்றும் வரலாம். எந்த வழியானாலும், பேராசிரியரின் அண்மைக்காலக் கட்டுரைகளைப் படித்து, தம் ஆய்வு அவருடைய பணியோடு எங்கே இணைகிறது என்பதை விளக்கி எழுதுவதே வழக்கமான முதற்படி.

கனடாவின் இயற்கை அறிவியல், பொறியியல் ஆய்வு மன்றம் தரும் மேலாய்வு உதவித்தொகை, 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 45,000 டாலரிலிருந்து 70,000 டாலராக உயர்ந்தது. 2010இல் அறிவிக்கப்பட்ட பான்டிங் உதவித்தொகையும் ஆண்டுக்கு 70,000 டாலர் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டது. வெளிநாட்டினரும் அதற்கு விண்ணப்பிக்க முடிந்தது. இத்தகைய உதவித்தொகைகளை ஒருங்கிணைக்கும் திட்டம் 2024ஆம் ஆண்டின் கூட்டாட்சி வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது.

இந்தியா, இலங்கை போன்ற நாடுகளிலிருந்து வருவோருக்கு வேலை அனுமதி வேண்டும். ஆனால் உள்நாட்டில் ஆள் கிடைக்கவில்லை என நிறுவும் தொழிற்சந்தை மதிப்பீடு மேலாய்வாளருக்குத் தேவையில்லை.

பணி நிலை

பேராசிரியரின் நிதியில் சம்பளம் பெறும் மேலாய்வாளர்கள் பல்கலைக்கழகத்தின் பணியாளர்கள். கனடியப் பொதுத்துறைப் பணியாளர் சங்கத்தின் 3902ஆம் கிளை அவர்களுக்காகப் பேரம் பேசுகிறது. தாமே உதவித்தொகை வென்று வருவோரின் நிலை இதனின்று வேறுபடும். நியமனக் கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.