செவிலியர் கல்விக்கு ஒரு வாசல்: அமெரிக்கச் சமுதாயக் கல்லூரியின் வரலாறு

சென்ற தவக்காலத்தில் ஒரு நாள் காலைப் பூசை முடிந்து அறைவீட்டுக்குத் திரும்பியபோது, திண்ணையில் ஓர் அம்மாள் காத்திருந்தார். அவருடைய மகள் மணமாகி அமெரிக்காவில் வாழ்கிறாள். இங்கே பி.காம். படித்தவள், வயது முப்பத்தெட்டு, இரு பிள்ளைகளின் தாய். அங்குள்ள ஒரு சமுதாயக் கல்லூரியில் நர்சிங் படிக்க விண்ணப்பித்திருக்கிறாள். "சாமி, படிப்பே ரெண்டு வருஷந்தான்னு சொல்லுறா. உள்ள நுழையறதுக்கே மூணு வருஷமா அப்ளிகேஷன் போட்டுக்கிட்டிருக்கா. அவுங்க ஏதும் காசு எதிர்பாக்குறாங்களோ?" என்று கேட்டார்.

காசு எதிர்பார்க்கவில்லை, அம்மாவின் சந்தேகம் வீண் என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் எதைக் கேட்டாலும் தொடக்கத்திலிருந்து ஆரம்பிப்பது குருமடத்தில் எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். அன்று திண்ணையில் அரைகுறையாகச் சொன்னதை இம்மலரில் சற்று ஒழுங்காக எழுதுகிறேன். வாசகர்கள் பொறுத்தருள்க.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் முறையான செவிலியர் பயிற்சிப் பள்ளிகள் 1873-ஆம் ஆண்டு நியூயார்க், நியூ ஹேவன், பாஸ்டன் ஆகிய மூன்று நகரங்களில் தொடங்கின. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இலண்டனில் வகுத்த முறையே இவற்றுக்கு முன்மாதிரி. 1900-க்குள் பள்ளிகளின் எண்ணிக்கை நானூற்றைத் தாண்டிவிட்டது. இந்த வேகத்துக்குக் கல்வி ஆர்வம் மட்டும் காரணமன்று. பயிற்சிப் பள்ளி வைத்திருந்த மருத்துவமனைக்குக் கூலியில்லாத வேலையாட்கள் கிடைத்தார்கள். மாணவி மருத்துவமனை விடுதியிலேயே தங்கினாள். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வார்டில் உழைத்தாள். வகுப்பு என்பது மாலையில், கண் சொருகும் நேரத்தில், ஒரு மருத்துவர் வந்து நிகழ்த்தும் சொற்பொழிவு. அவளுக்குக் கிடைத்தவை உணவு, உறைவிடம், சொற்பக் கைச்செலவு, முடிவில் ஒரு சான்றிதழ்.

அன்றைய விண்ணப்பம் எப்படியிருந்தது? திருமணமாகாதவளாக இருக்க வேண்டும். நல்லொழுக்கம் பற்றித் தன் ஆலயக் குருவானவரிடம் கடிதம் வாங்கி வர வேண்டும். (இப்படிப்பட்ட கடிதங்களை நானும் ஏராளமாக எழுதியிருக்கிறேன். அவற்றின் எடை எவ்வளவு என்பது எனக்குத் தெரியும்!) படிப்பின் நடுவே திருமணம் செய்துகொண்டால் வெளியேற வேண்டியதுதான். ஆண்களுக்குப் பெரும்பாலான பள்ளிகளில் இடமில்லை. 1879-இல் பாஸ்டனில் பயிற்சி முடித்த மேரி மகோனி என்னும் கறுப்பினப் பெண்மணியின் பெயர் வரலாற்றில் நிற்பதே, அத்தகையோருக்குக் கதவு எவ்வளவு இறுகச் சாத்தியிருந்தது என்பதற்குச் சான்று.

இம்முறையில் கல்வி பின்னுக்கும் உழைப்பு முன்னுக்கும் தள்ளப்படுகின்றன என்று 1923-இல் வெளியான கோல்ட்மார்க் அறிக்கை எடுத்துக்காட்டியது. 1948-இல் எஸ்தர் லூசில் பிரவுன் அம்மையார், செவிலியர் கல்வி மருத்துவமனையை விட்டுக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று எழுதினார். இடையில் வந்தது இரண்டாம் உலகப்போர். 1943-இல் அமெரிக்க அரசு தொடங்கிய கேடட் செவிலியர் படையில் மூன்றாண்டுப் பயிற்சி முப்பது மாதமாகச் சுருக்கப்பட்டது. ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வழியே தேறினர். வார்டு வேலையைக் குறைத்தால் படிப்பின் காலத்தையும் குறைக்கலாம் என்பது கண்கூடாயிற்று.

இதே காலத்தில் வேறொரு நிறுவனம் வளர்ந்துகொண்டிருந்தது. 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய இரண்டாண்டுக் கல்லூரி முறை அது. ஊரார் வரிப்பணத்தில், ஊர்ப்பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய கல்லூரி. 1947-இல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு இவற்றை நாடெங்கும் பரப்பச் சொன்னது. 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயர் அதன்பின்தான் பரவலாக வழங்கிற்று.

இவ்விரு ஓடைகளையும் இணைத்தவர் மில்ட்ரெட் மான்டாக் என்னும் பெண்மணி. 1908-இல் அயோவா மாநிலத்தில் பிறந்தவர், தாமே செவிலியர். கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் அவர் எழுதிய ஆய்வு 1951-இல் நூலாக வந்தது. செவிலியப் பணி முழுவதும் ஒரே தரத்ததன்று, உதவியாளர் செய்யும் எளிய பணிக்கும் பட்டம் பெற்றவர் எடுக்கும் சிக்கலான முடிவுக்கும் நடுவே பரந்த பணி ஒன்று இருக்கிறது, அதற்கு இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பு போதும் என்பது அவர் வாதம். 1952-இல் பரிசோதனை தொடங்கியது. ஏழு கல்லூரிகளும் ஒரு மருத்துவமனையும் கலந்துகொண்டன. நியூயார்க் மாநிலத்து மிடில்டவுனில் உள்ள ஆரஞ்சு கவுண்டி சமுதாயக் கல்லூரி, மிச்சிகனில் ஹென்றி ஃபோர்டு சமுதாயக் கல்லூரி, கலிபோர்னியாவில் பாசடீனா நகரக் கல்லூரி ஆகியவை அவற்றுட் சில.

இங்கே மருத்துவமனை பள்ளியை நடத்தவில்லை. கல்லூரி நடத்தியது, மருத்துவமனை வார்டு அதற்கு ஒரு சோதனைச்சாலை போல உதவியது. மாணவியை வேலையாள் கணக்கில் சேர்க்கவில்லை. அவள் மாலையில் தன் வீட்டுக்குப் போனாள். ஆகவே முன்பு விண்ணப்பிக்கவே முடியாதவர்கள் விண்ணப்பித்தார்கள்: மணமானவர்கள், தாய்மார்கள், வயது கடந்தவர்கள், சில ஆண்களும்.

ஒரு வேடிக்கை. மான்டாக் அம்மையார் உருவாக்க நினைத்தது 'செவிலியத் தொழில்நுட்பர்' என்ற தனித் தரத்தை. ஆனால் அவருடைய மாணவிகள் மற்றச் செவிலியர் எழுதிய அதே மாநில உரிமத் தேர்வை எழுதினார்கள், பெரும்பாலோர் தேறினார்கள், அதே 'பதிவு பெற்ற செவிலியர்' உரிமத்தைப் பெற்றார்கள். இரண்டாண்டு படித்தவரும் நான்காண்டு படித்தவரும் ஒரே தேர்வு, ஒரே பட்டயம். இதிலிருந்து கிளம்பிய சச்சரவு இன்றும் ஓயவில்லை. 1965-இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம், பட்டப்படிப்பு முடித்தவரே முழுத் தொழில்முறைச் செவிலியர் என்று அறிவித்தது. வட டகோட்டா மாநிலம் 1987-இல் அதைச் சட்டமாகவே ஆக்கி, 2003-இல் கைவிட்டது. 2010-இல் ஒரு தேசியக் குழு, பத்தாண்டுக்குள் செவிலியரில் நூற்றுக்கு எண்பது பேர் பட்டதாரிகளாக வேண்டும் என்றது. நியூயார்க் மாநிலம் 2017-இல், புதிதாக உரிமம் பெறுவோர் பத்தாண்டுக்குள் பட்டம் பெற வேண்டுமென்று சட்டம் செய்தது. அந்த அம்மாளின் மகளும் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. வேலை கிடைத்த பிறகும் படிப்பு தொடரும்.

கன்னியர் நடத்திய மருத்துவமனைப் பள்ளிகளும் இம்மாற்றத்துக்குத் தப்பவில்லை. மினியாபொலிஸ் நகரில் சூசையப்பர் சபைக் கன்னியர் தம் புனித மரியா மருத்துவமனைப் பள்ளியை மூடிவிட்டு, 1964-இல் அதனிடத்தில் இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றைத் திறந்தனர். நெடுநாள் நடத்திய பள்ளியைத் தம் கையாலேயே மூடுவது எளிதான காரியமன்று. சபைகளில் வாழ்கிறவர்களுக்கு அது புரியும்.

இன்று இரண்டாண்டுச் செவிலியர் படிப்புகள் அந்நாட்டில் ஆயிரத்துக்கு மேல் உள்ளன. பின் ஏன் அம்மகள் மூன்றாண்டு காத்திருக்கிறாள்?

கல்லூரியில் சேருவது வேறு, அக்கல்லூரியின் நர்சிங் பிரிவில் சேருவது வேறு. கல்லூரி எல்லோருக்கும் திறந்தது, நர்சிங் பிரிவு அப்படியன்று. முதலில் உடற்கூறு, உடலியல், நுண்ணுயிரியல், உளவியல், ஆங்கிலம் முதலிய பாடங்களைத் தனியே படித்து நல்ல சராசரி எடுக்க வேண்டும். இதற்கே ஓராண்டு, வேலை பார்த்துக்கொண்டே படித்தால் இரண்டாண்டு ஆகும். பின்னர் டீஸ் போன்றதொரு நுழைவுத் தேர்வு: வாசிப்பு, கணிதம், அறிவியல், மொழி. சில கல்லூரிகள் இவற்றோடு முன் அனுபவத்துக்கும் புள்ளி போட்டு வரிசைப்படுத்துகின்றன. சில, காத்திருப்போர் பட்டியல் வைக்கின்றன. கலிபோர்னியாவில் சில கல்லூரிகள் தகுதியுள்ளோரின் பெயர்களைக் குலுக்கல் போட்டே எடுத்திருக்கின்றன. அறிவியல் பாடங்களுக்குப் பல இடங்களில் ஐந்து அல்லது ஏழு ஆண்டுக் கெடு உண்டு. காத்திருக்கும்போதே கெடு தாண்டினால் மறுபடி படிக்க வேண்டும்.

இடம் குறைவாயிருப்பதற்குக் காரணம் அந்தப் பழைய கணக்கிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. மாணவி கூலியில்லா வேலையாளாக இருந்தபோது, எத்தனை பேர் சேர்ந்தாலும் மருத்துவமனைக்கு ஆதாயம். அவள் மாணவியாகவே ஆனபின், ஒவ்வொருத்தியும் செலவு. நோயாளியின் கட்டிலருகே ஓர் ஆசிரியை எட்டு அல்லது பத்துப் பேரை மட்டுமே கவனிக்க முடியும். அந்த ஆசிரியை முதுகலை படித்திருக்க வேண்டும், அவ்வளவு படித்தவருக்கு மருத்துவமனை கல்லூரியைவிட அதிகச் சம்பளம் கொடுக்கிறது. வார்டுகளோ கல்லூரிக்குச் சொந்தமல்ல. பக்கத்துக் கல்லூரியும் அதே வார்டைக் கேட்கும். ஆகவே நாடு செவிலியர் போதவில்லை என்று கூவும்போதே, தகுதியான பல்லாயிரம் விண்ணப்பங்கள் ஆண்டுதோறும் திரும்புகின்றன. அடிமைத்தனமான பழைய பயிற்சி திரும்ப வேண்டுமென்று யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் அதை ஒழித்ததற்கான விலையை யார் கொடுப்பது என்பதை அந்நாடு இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போதைக்கு அந்த விலையைக் காத்திருப்பவர்களே கொடுக்கிறார்கள்.

நம் இளைஞர்க்கு ஒரு சொல். 1990-களின் நடுவிலிருந்து நம் நாட்டிலும் சமுதாயக் கல்லூரிகள் உண்டு, சென்னையில் திருச்சபையே முன்னின்று தொடங்கியதும் உண்டு. பள்ளியை இடையில் விட்டவர்க்கும் கைத்தொழில் தருகிற நல்ல பணி அவற்றினுடையது. ஆனால் அங்கே பெறும் நோயாளர் உதவியாளர் சான்றிதழ் பதிவு பெற்ற செவிலியர் தகுதி ஆகாது. பெயர் ஒன்றாயிருப்பதைக் கண்டு ஏமாந்து பணம் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

திண்ணையில் அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப காசு கேக்கலைங்களா?" என்றார். "இல்லையம்மா." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மகளின் நுண்ணுயிரியல் பாடத்துக்கு ஐந்தாண்டுக் கெடு அடுத்த ஆண்டு முடிகிறதாம். அதற்குள் இன்னும் இரண்டு தடவை விண்ணப்பிக்கலாம் என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.